கிரிவலப் பாதையில் ஒரு நினைவகம் எழட்டும்

முள்ளிவாய்க்கால் நினைவு வாரமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வருகிற மாதம் மே. ஈழத்தில் நடந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல காலம் இல்லை. சொல்லக்கூடியவர்கள் அண்ணாமலையின் அடிவாரத்திலேயே இருக்கிறார்கள்.

2025-ம் ஆண்டு சித்ரா பௌர்ணமி மே 12 அன்று வந்தது. திருவண்ணாமலையில் கால் வைக்க இடமில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள். வழிநெடுக நீர்மோர்ப் பந்தல், அன்னதானம். அதே மே 12-ல்தான், கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் முள்ளிவாய்க்கால் நினைவு வாரம் தொடங்கியது. அங்கேயும் தெருவோரத்தில் அடுப்பு மூட்டினார்கள். பானையில் அரிசி, தண்ணீர், உப்பு. போவோர் வருவோருக்கெல்லாம் கஞ்சி ஊற்றினார்கள்.

2009-லும் சித்ரா பௌர்ணமி மே இரண்டாம் வாரத்தை ஒட்டியே வந்தது. மே 9-ம் தேதியை ஒட்டி முழு நிலா. வழக்கம்போல லட்சக்கணக்கானவர்கள் மலையை வலம் வந்தார்கள். அதே நாளின் இரவில், முல்லைத்தீவுக் கடலோரத்தில், போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்காலில், ஒரு சிறு மணல் திட்டுக்குள் அடைபட்டிருந்த மக்கள்மீது விடிய விடிய எறிகணைகள் விழுந்தன. இரத்தக்களரி நடந்துவிட்டது என்று ஐ.நா.வின் கொழும்புப் பேச்சாளர் கார்டன் வைஸ் அப்போது அறிவித்தார். ஒன்பது நாட்களில், மே 18 அன்று, எல்லாம் முடிந்தது.

கிரிவலம் வருகிறவர்கள் மலையின் மேற்குப் பக்கம் திரும்பும்போது அடி அண்ணாமலையைக் கடக்கிறார்கள். அந்த ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. ஆதி அருணாசலேஸ்வரரை வணங்கிவிட்டு நடையைத் தொடர்கிற பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த பள்ளிப் பிள்ளைகள் பலருக்கும், அங்கிருப்பவர்கள் ஏன் வந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பது தெரியாது. பாடப்புத்தகம் சொல்லாததை, பக்கத்துத் தெருவில் இருப்பவர்களே சொல்ல முடியும். அதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இங்கே எழ வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

கஞ்சி என்ற பாடம்

உலகில் இனப்படுகொலை நினைவகங்கள் பல இருக்கின்றன. ஈழத்தமிழர்கள் கண்டுபிடித்த நினைவகம் ஒரு பானைக்குள் இருக்கிறது.

2009 தொடக்கத்திலிருந்து வன்னி மக்கள் ஊர் ஊராகத் துரத்தப்பட்டார்கள். அரசு அறிவித்த ‘பாதுகாப்பு வலயம்’ சுருங்கிக்கொண்டே போனது. உணவுக் கப்பல்கள் அரிதாயின. கையில் இருந்த அரிசியைத் தண்ணீரில் வேகவைத்து, உப்புப் போட்டு, கொட்டில்களில் காய்ச்சிக் கொடுத்தார்கள். தேங்காய்ப்பால் கிடைத்தால் அது பெரிய விஷயம். பாத்திரம் இல்லாதவர்கள் சிரட்டையில் வாங்கிக் குடித்தார்கள். வரிசையில் நின்றவர்கள் மீதும் குண்டு விழுந்தது. 2009 ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மாவு வாங்க வரிசையில் நின்ற தாய்மாரும் குழந்தைகளும் எறிகணைக்குப் பலியானதை ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் தன் அறிக்கையில் பதிவுசெய்திருக்கிறது.

இறுதிப் போரில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது அந்தக் குழு. 70,000-க்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்ற நம்பத்தக்க தகவல் இருப்பதாகச் சொன்னது 2012-ல் வந்த ஐ.நா.வின் உள்ளக ஆய்வு. அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கையே எடுத்துவைத்துக் கூட்டிக் கழித்து, 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார் மன்னார் ஆயர் ராயப்பு யோசேப்பு. அவர் மறைந்துவிட்டார். கேள்விக்குப் பதில் வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஒவ்வொரு மே மாதமும் கஞ்சி காய்ச்சப்படுகிறது. குழந்தை ஒரு மிடறு குடித்துவிட்டு முகம் சுளிக்கும். ‘ஏன் இதில் ருசியே இல்லை’ என்று கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து பாட்டி சொல்லத் தொடங்குவாள். இதைவிட எளிய, இதைவிட வலிமையான கல்வி முறை எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆட்சியாளர்களுக்கும் அது புரிந்திருக்கிறது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்கள் உள்ளிட்ட சிலரைப் போலீசார் கைது செய்தார்கள்.

இடித்தார்கள், மீண்டும் கட்டினார்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரி 8 அன்று இரவோடு இரவாக இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றே நாளில் மறுபடி அடிக்கல் நாட்டவேண்டி வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது.

தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது. தஞ்சாவூர் விளார் சாலையில் பழ. நெடுமாறன் முன்னெடுப்பில் உருவான முள்ளிவாய்க்கால் முற்றம் 2013 நவம்பரில் திறக்கப்பட்டது. கருங்கல்லில் செதுக்கிய அந்தச் சிற்பங்களின் முன்னால் நின்று யாரும் சும்மா திரும்பிவிட முடியாது. திறந்த சில நாட்களிலேயே அதன் சுற்றுச்சுவர் இடிக்கப்பட்டது, நெடுமாறன் கைதானார். முற்றம் இன்றும் இருக்கிறது.

கனடாவில் பிராம்ப்டன் நகரின் சிங்குவாகூசி பூங்காவில் 2025 மே 10 அன்று தமிழினப்படுகொலை நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. இலங்கை அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. நகர நிர்வாகம் பின்வாங்கவில்லை. ஆனால் அந்த நாட்டில் இதைவிட முக்கியமான ஒன்று அதற்கு முன்பே நடந்திருந்தது. சட்டமன்ற உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த மசோதாவை ஒன்டாரியோ மாகாண சட்டமன்றம் 2021-ல் நிறைவேற்றியது. அதன்படி மே 18-ல் முடியும் ஏழு நாட்கள் ஒவ்வோர் ஆண்டும் தமிழினப்படுகொலைக் கல்வி வாரம். அதை எதிர்த்து நடந்த வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. சட்டம் நின்றது.

சின்னம் எழுப்புவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட 44 பேருக்கும் நினைவிடம் கட்டினோம், ஆண்டுதோறும் அங்கே கூடுகிறோம். நம்மிடம் இல்லாதது இரண்டாவது பாதி. மாலை போட்டு முழக்கமிட்டுக் கலைந்த பிறகு, அடுத்த வாரம் அந்த இடத்துக்கு ஒரு பள்ளி மாணவி வந்தால் அவளை உட்கார வைத்துப் பேச யார் இருக்கிறார்கள்?

உலகம் எப்படிச் சொல்லித்தருகிறது

அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய ஸ்கோக்கி என்ற சிற்றூரில், ஹிட்லரின் முகாம்களிலிருந்து உயிர் தப்பிய யூதர்கள் ஏராளமாகக் குடியேறியிருந்தார்கள். 1977-ல் நவநாஜிக் கும்பல் அந்த ஊரில் ஊர்வலம் போகப்போவதாக அறிவித்தது. அதுவரை வாய் திறக்காமல் வாழ்ந்தவர்கள் அன்றைக்கு விழித்தார்கள். 1981-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பிறகு ஒரு சிறிய கடை இடத்தைப் பிடித்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். தாங்களே பள்ளிகளுக்குப் போய்ப் பேசினார்கள். அந்தக் கடைதான் வளர்ந்து, 2009 ஏப்ரலில், வன்னியில் எறிகணைகள் விழுந்துகொண்டிருந்த அதே மாதத்தில், இலினாய் யூதப் படுகொலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென்றே அங்கே தனிக் காட்சிக்கூடம் உண்டு. கோரப் படங்கள் எதுவும் அதில் கிடையாது. வகுப்பில் ஒருவனை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கும்போது நீ என்ன செய்வாய் என்ற கேள்வியிலிருந்து அது தொடங்குகிறது.

ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் தொடங்கிய 100 நாள் படுகொலையில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பத்தாண்டு கழித்து, 2004-ல், தலைநகர் கிகாலியில் நினைவகம் திறந்தார்கள். இரண்டரை லட்சம் பேர் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே குழந்தைகளுக்கான அறை ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தையின் பெரிய புகைப்படம். அதன் கீழே பெயர், வயது, பிடித்த சாப்பாடு, பிடித்த விளையாட்டு. கடைசி வரியில், எப்படிக் கொல்லப்பட்டது என்ற தகவல். லட்சம் என்ற எண்ணால் கலங்காத மனசு அந்த அறையில் உடைந்துவிடும்.

ஹிரோஷிமா வேறொரு வழி கண்டது. அணுகுண்டில் பிழைத்தவர்கள் முதுமையில் ஒவ்வொருவராக மறைகிறார்கள். அதனால் 2012 முதல் அந்த நகராட்சி இளையவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு முதியவரின் அனுபவத்தை முழுமையாகக் கேட்டு உள்வாங்கி, அவர் சார்பில் பேசப் பயிற்சி கொடுக்கிறது. சொன்னவர் போன பிறகும் சொல் நிற்கிறது.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. போபாலில் விஷவாயுவில் பிழைத்தவர்களே 2014 டிசம்பரில் தங்கள் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அரசுப் பணமும் வேண்டாம், கம்பெனிப் பணமும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இறந்தவர்களின் உடைமைகளோடு, பிழைத்தவர்களின் குரலையும் அங்கே கேட்கலாம். அமிர்தசரஸில் 2017-ல் திறந்த பிரிவினை அருங்காட்சியகத்தில், வீட்டைவிட்டு ஓடியபோது ஒரு பெண் கொண்டுவந்த பூவேலைக் கோட்டும், அவரை மணக்க நிச்சயிக்கப்பட்டவர் கொண்டுவந்த தோல் பையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் இருவரும் மறுபடி சந்தித்துத் திருமணம் செய்துகொண்டார்கள்.

இவை எவற்றுக்கும் மூலதனம் பளிங்குக் கட்டடம் இல்லை. ஒரு பொருள், ஒரு குரல், கேட்க வருகிற ஒரு பிள்ளை.

செம்மணியில் ஒரு நீலப் பை

யாழ்ப்பாணத்தை ஒட்டிய செம்மணியில், 2025-ல் சிந்துபாத்தி மயானத்தைத் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன. செப்டம்பருக்குள் 230-க்கும் மேல். அவற்றில் ஒரு சிறு குழந்தையின் எலும்புக்கூட்டோடு நீல நிறப் பள்ளிப் பை ஒன்று கிடைத்தது. யுனிசெஃப் கொடுத்த பை. வேறிடங்களில் பால் போத்தல், பொம்மை, சின்னஞ்சிறு உடுப்பு. யாருடையவை என்று அடையாளம் காண, ஆகஸ்ட் 5 அன்று நீதிமன்ற அனுமதியோடு இந்தப் பொருட்களை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மகனையும் மகளையும் தொலைத்தவர்கள் வரிசையில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஈழத்தமிழர்களுக்கு அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஓர் அருங்காட்சியகம் இருந்தது.

பள்ளிப் பை என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒவ்வொருவருக்கும் புதுப் பை வேண்டும். அந்த வயதில் செம்மணி பற்றிச் சொன்னால் புரியாது என்று சொல்லாதீர்கள். நன்றாகவே புரியும்.

அடி அண்ணாமலையில் என்ன இருக்கிறது

1983 முதல் 2010 வரை இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு அடைக்கலம் தேடி வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். திரும்பிப் போனவர்கள் போக, இன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 55,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானவர்கள் முள்ளிவாய்க்காலுக்கு முன்பே வந்தவர்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பிலும் மலையகத்திலும் வீடு எரிந்தவர்கள், வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட செய்தி கேட்டுப் படகு ஏறியவர்கள், 1990-ல் போர் மீண்டும் மூண்டபோது வந்தவர்கள், 2006-க்குப் பிறகு வந்தவர்கள் எனப் பல அலைகள். கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். அவர்களின் முன்னோர் இதே தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள். 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு ஓடி, அங்கிருந்தும் துரத்தப்பட்டு, பாட்டன் புறப்பட்ட கரைக்கே அகதியாக வந்து சேர்ந்தவர்கள்.

1983-ல் 20 வயதாக இருந்தவருக்கு இப்போது 60 தாண்டிவிட்டது. அப்போது 40 வயதாக இருந்தவர்களில் பலர் இன்று இல்லை. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே மணமுடித்து, பிள்ளையும் பெற்ற தலைமுறை வந்துவிட்டது. இங்கேயே பிறந்தும் பெரும்பாலானோருக்குக் குடியுரிமை கிடையாது. 2019-ல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தில் இவர்கள் பெயர் இல்லை. 2021-ல் தமிழக அரசு முகாம்களின் பெயரை மாற்றி, 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முன்வந்தது. அது நல்ல காரியம். வீட்டுக்கு அடுத்தபடியாகக் காப்பாற்ற வேண்டியது அந்த வீட்டுக்குள் இருக்கும் முதியவரின் நினைவை.

விடுமுறையில் என்ன செய்யலாம்

முதலில், கேட்பது. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், முகாமிலிருந்து பாதி, ஊரிலிருந்து பாதி, இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு முதியவரிடம் உட்காரட்டும். செல்போனே போதும், பதிவுசெய்ய. பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. பெயர் வேண்டாம் என்றால் பெயர் வேண்டாம். பலருக்கு உறவுகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பதிவில் ஒரு பிரதி சொன்னவரின் குடும்பத்துக்குப் போக வேண்டும். ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021 தீர்மானத்தின் பேரில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கை தொடர்பான சாட்சியங்களைச் சேகரித்துவருகிறது. இன்று பதிவாகாத சாட்சி நாளை எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

அடுத்து, வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்வது. செத்த கணக்கை மட்டும் காட்டினால் ஈழம் என்பது பிணக்காடு என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். சிறு பிள்ளைகளுக்குக் கிளித்தட்டு விளையாடச் சொல்லித்தரலாம். புட்டும் சொதியும், ஒடியல் கூழும், பனங்காய்ப் பணியாரமும் முகாம் அம்மாக்கள் செய்துகாட்டலாம். விட்டுவந்த ஊரின் வரைபடத்தைத் தாத்தா சொல்லச் சொல்லப் பேரன் வரையலாம்: கிணறு எங்கே, கோயில் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே. மே 12 முதல் 18 வரை கஞ்சி.

மூன்றாவது, புத்தகம். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி. நம் விடுமுறையின் கடைசி நாட்கள் அவை. 1933-ல் க.மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்து இரவல் கொடுக்கத் தொடங்கிய நூல்கள்தான் அந்த நூலகத்துக்கு விதை. கட்டடத்தை வரைந்தவர் சென்னைக்காரரான வி.எம். நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியிலேயே பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் உயிர்விட்டார். மே 31 அன்று திருவண்ணாமலைப் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தோடு முகாமுக்குப் போகட்டும்.

இதற்கெல்லாம் இந்த ஊர் புதிதல்ல. கலை இலக்கிய இரவை விடிய விடிய நடத்திக் காட்டிய ஊர் இது. பவா செல்லதுரை கதை சொன்னால் கூடி உட்கார்ந்து கேட்கிற ஊர். கதை கேட்கத் தெரிந்த ஊருக்கு, கேட்க வேண்டிய கதையை யாரும் இன்னும் முறையாகக் கொண்டுவந்து தரவில்லை என்பதுதான் குறை.

கசந்தாலும் முழு உண்மை

இது இயக்கப் பிரசாரமாகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடை, முழு உண்மையையும் வைப்பதுதான். தப்பிப் போக முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் சுட்டதையும், கட்டாயமாக ஆள் சேர்த்ததையும் அதே ஐ.நா. நிபுணர் குழு எழுதியிருக்கிறது. 1987 அக்டோபர் 21, 22-ல் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டது நம் அமைதிப்படையின் கையால். இவற்றை மறைக்கும் நினைவகம் நினைவகமே அல்ல. நடந்தது இனப்படுகொலை என்று வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரி 10 அன்று தீர்மானம் போட்டது. மே 18-ஐத் தமிழினப்படுகொலை நினைவு நாளாகக் கனடா நாடாளுமன்றம் 2022-ல் ஏற்றது. எந்தச் சர்வதேச நீதிமன்றமும் இதுவரை இதை விசாரிக்கவே இல்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வெறுப்பு வளரும் என்ற அச்சமும் உண்டு. 1983-ல் அண்டை வீட்டுத் தமிழரைத் தங்கள் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் உண்டு. முகாமில் இருப்பவர்களே நன்றியோடு அதைச் சொல்வார்கள். 2022 மே 18 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர்களும் முள்ளிவாய்க்கால் கஞ்சியை வாங்கிக் குடித்தார்கள். நடந்ததை ஒளிவுமறைவின்றிச் சொன்னால் வெறுப்பு வளராது. மறைத்து வைத்தால்தான் அது புழுங்கிப் புழுங்கி வளரும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும், மறுவாழ்வுத் துறைக்கும், பள்ளிக்கல்வித் துறைக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. அடி அண்ணாமலையில் ஓர் அறை கொடுங்கள். அதை நடத்தும் பொறுப்பை முகாம் மக்களின் கையிலேயே கொடுங்கள். ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை கிரிவலம் போகும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே ஒரு பெரியவர் சொல்ல முன்வந்தால், அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள். வரும் மே 12-க்குள் அந்த அறை திறந்துவிட வேண்டும். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.